எலுமிச்சம்பழம்: இறக்கிய பிறகு பிழியுங்கள்



எலுமிச்சம்பழத்தை நாம் எதற்கெல்லாம் வாங்குகிறோம்? வண்டியின் முன்னால் மிளகாயோடு சேர்த்துக் கட்டுகிறோம். அம்மனுக்கு மாலையாகக் கோக்கிறோம். பெரியவர்களைப் பார்க்கப் போனால் கையில் கொடுக்கிறோம். திருஷ்டி கழித்துத் தெருவில் எறிகிறோம். புது வண்டி எடுத்தால் நாலு சக்கரத்துக்கும் நாலு பழம் வைத்து நசுக்குகிறோம். இதையெல்லாம் வேண்டாம் என்று சொல்ல இந்தத் துண்டுப் பிரசுரம் வரவில்லை. ஆனால் அதே வீட்டில், கர்ப்பமாக இருக்கும் பெண் சாப்பிடுகிற கீரையில் பிழிவதற்கு மட்டும் ஒரு பழம் மிஞ்சுவதில்லை. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம்.

பெண்களின் இரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்து, உடம்பு வெளுத்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும் நிலைக்கு இரத்த சோகை என்று பெயர். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்த சோகை இருக்கிறது. அதாவது உங்கள் தெருவில் தண்ணீர் பிடிக்க நிற்கும் பெண்களில் இரண்டு பேருக்கு ஒருவர். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க, கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்" என்று அவர்கள் சொல்வார்கள். அந்த அசதிதான் நோய். இரத்தம் போதாத தாய்க்குப் பிரசவத்தின்போது சற்று அதிகமாக உதிரம் போனாலும் உடம்பு தாங்காது. மற்றவர் தாங்கிக்கொள்ளும் அளவு, இவர் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். குழந்தையும் எடை குறைந்தோ, மாதம் நிறையாமலோ பிறக்கக்கூடும்.

இதற்கும் எலுமிச்சைக்கும் என்ன சம்பந்தம்?

உண்பது வேறு, ஒட்டுவது வேறு

நம் ஊர்ச் சாப்பாட்டில் இரும்புச்சத்து இல்லாமல் இல்லை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் நாலரை மில்லிகிராம் இருக்கிறது. கம்பில் ஆறு மில்லிகிராமுக்கும் மேல். முருங்கைக்கீரை, அரைக்கீரை, பயறு, கொள்ளு, எள் எல்லாவற்றிலும் உண்டு. ஆனால் தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பு உடம்பில் சுலபமாகச் சேராது. பத்துப் பங்கு சாப்பிட்டால் ஒரு பங்கு சேர்வதே அரிது. மீதி வயிற்றில் நுழைந்த வழியே வெளியே போய்விடும். தானியத்தில் உள்ள சில பொருள்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பதே காரணம். ஆட்டு ஈரல், மீன், கோழி ஆகியவற்றில் உள்ள இரும்பு இன்னும் நன்றாகச் சேரும். ஆனால் அவற்றைத் தினமும் வாங்க எல்லாராலும் முடிவதில்லை.

எலுமிச்சையின் வேலை இங்கேதான் வருகிறது. அதில் உள்ள 'சி' வைட்டமினும் புளிப்புச் சத்தான சிட்ரிக் அமிலமும், கீரை, தானிய இரும்பைக் குடல் உறிஞ்சிக்கொள்ளும் வடிவத்துக்கு மாற்றி வைக்கின்றன. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இந்த உதவி அதே சாப்பாட்டு வேளையில் கிடைத்தால்தான் பலன். காலையில் எலுமிச்சைத் தண்ணீர் குடித்துவிட்டு, மத்தியானம் வெறும் கீரை சாப்பிட்டால் இரண்டும் சந்திப்பதே இல்லை. கீரையும் எலுமிச்சையும் ஒரே தட்டில் இருக்க வேண்டும்.

மெக்சிகோ நாட்டுக் கிராமப் பெண்களிடம் நடத்திய இரண்டு ஆய்வுகள் 2003-இல் வெளிவந்தன. அவர்களும் நம்மைப் போலத் தானியமும் பயறுமே பிரதானமாக உண்பவர்கள். சாப்பாட்டோடு எலுமிச்சைச் சாறு கொடுத்தபோது, உணவிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்ளும் இரும்பு இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது என்று ஒரு ஆய்வு சொன்னது. மகிழ்ச்சிதான். ஆனால் மற்றொரு ஆய்வில், ஏற்கெனவே இரும்புச்சத்துக் குறைந்த பெண்களுக்கு எட்டு மாதம் எலுமிச்சைச் சாறு கொடுத்தும் இரத்தத்தில் இரும்பு நிலை உயரவில்லை. இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். எலுமிச்சை இரும்பு அல்ல. இரும்பை உள்ளே விடும் கதவு. கதவைத் திறந்து வைத்தாலும் உள்ளே வருவதற்கு ஆள் இருக்க வேண்டுமே! ஆகவே இரத்த சோகை உள்ளவர்கள் எலுமிச்சையை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது. மாத்திரையும் கீரையும் இருக்கட்டும், எலுமிச்சை துணைக்கு வரட்டும்.

புளிப்பு எல்லாம் சத்து ஆகாது

"அதான் தினமும் புளிக்குழம்பு சாப்பிடறோமே, புளிப்பு போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. புளியில் 'சி' வைட்டமின் மிகவும் குறைவு. புளிப்பதாலேயே அந்தச் சத்து இருக்கிறது என்று ஆகிவிடாது. இதை உலகம் கற்றுக்கொண்ட கதையைக் கேளுங்கள்.

முன்காலத்தில் மாதக்கணக்காகக் கடலில் போகும் மாலுமிகளுக்கு ஈறு அழுகி, பல் ஆடி, பழைய புண்கள் மீண்டும் திறந்து உயிரே போய்விடும். ஸ்கர்வி என்று அந்த நோய்க்குப் பெயர். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற பிரிட்டிஷ் கப்பல் வைத்தியர், சாலிஸ்பரி என்ற கப்பலில் நோயாளிகள் பன்னிரண்டு பேரை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். ஒரு ஜோடிக்கு வினிகர். ஒரு ஜோடிக்கு நீர்த்த கந்தக அமிலம். இன்னொரு ஜோடிக்குக் கடல்நீர். இப்படியே போய், ஒரு ஜோடிக்கு மட்டும் ஆரஞ்சும் பெரிய எலுமிச்சையும் கொடுத்தார். பழம் தின்ற இருவரும் ஒரு வாரத்துக்குள் தேறினார்கள். வினிகரும் புளிப்புத்தான், அமிலமும் புளிப்புத்தான். அவற்றால் நோய் தீரவில்லை. இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகும் ஆங்கிலக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை எல்லாருக்கும் கொடுக்க 1795 ஆயிற்று. அரசாங்கக் காகிதம் அந்தக் காலத்திலும் மெதுவாகத்தான் நகர்ந்திருக்கிறது.

கதை அதோடு முடியவில்லை. 1860-களில் பெரிய எலுமிச்சைக்குப் பதிலாக மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து, நம் ஊர்ப் பழத்தைப் போன்ற சிறிய எலுமிச்சையை வாங்கத் தொடங்கினார்கள். அதில் சத்து குறைவு. போதாக்குறைக்குச் சாற்றைப் பிழிந்து, செப்புக் குழாய்களில் ஓடவிட்டு, நாள்பட வைத்திருந்தார்கள். 1875-இல் வட துருவத்துக்குப் போன ஆங்கிலக் குழுவில், சாறு இருந்தும் ஸ்கர்வி வந்துவிட்டது. சூடு, காற்று, செம்பு மூன்றும் 'சி' வைட்டமினுக்கு எமன் என்பது பின்னால்தான் விளங்கியது. அந்தச் சத்தைத் தனியே பிரித்தெடுத்து ஆராய்ந்த ஹங்கேரி விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட்-ஜியோர்ஜிக்கு 1937-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கப்பலில் நடந்த அதே தவறுதான் நம் அடுப்பங்கரையிலும் நடக்கிறது. ரசம் கொதிக்கும்போதே எலுமிச்சையைப் பிழிகிறோம். காலையில் பிழிந்த சாற்றை ராத்திரிவரை திறந்த டம்ளரில் வைக்கிறோம். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் சாற்றை ஊற்றுகிறோம். சத்தும் போகிறது, பாத்திரத்தின் களிம்பும் சாற்றில் இறங்கி வயிற்றைக் கெடுக்கிறது.

அடுப்பங்கரையில்

எலுமிச்சைக்கு ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டால் போதும்: சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி, கை பொறுக்கும் சூடு வந்த பிறகு பிழிய வேண்டும். இன்னும் நல்லது, சாப்பிடும் தட்டிலேயே பிழிந்துகொள்வது. ருசிக்கும் இதுதான் சரி. கொதிக்கும் சட்டியில் பிழிந்தால் கசப்பு ஏறும் என்பதை எலுமிச்சை ரசம் வைத்துப் பழகிய எந்தத் தாய்க்கும் நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

முருங்கைக்கீரைத் துவட்டலில் பிழியலாம். கீரைக் கடைசலைக் கேழ்வரகுக் களியோடு தொட்டுக்கொள்ளும்போது, கடைசலின்மேல் பிழியலாம். கம்பங்கூழில் மோருக்குப் பதிலாகச் சில நாள் எலுமிச்சையும் சின்ன வெங்காயமும் சேர்த்துப் பாருங்கள், வெயில் நாளில் அமிர்தமாக இருக்கும். கூழை முந்தின நாளே கரைத்துப் புளிக்க வைக்கும் நம் பாட்டிமார் வழக்கமும் நல்லதே. இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் பொருள்கள் புளிக்கும்போது குறைகின்றன. பயறை முளை கட்டினாலும் அப்படித்தான். முளைகட்டிய பச்சைப்பயறு அல்லது தட்டைப்பயறு சுண்டலில் எலுமிச்சை பிழிந்து, கொஞ்சம் தேங்காய் தூவினால் பிள்ளைகள் கேட்டு வாங்கித் தின்பார்கள்.

எலுமிச்சைச் சாதம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இருந்தாலும் ஒரு திருத்தத்தோடு சொல்கிறோம். நாலு பேருக்கு வேண்டிய சாதத்தை வடித்து, அகலமான தட்டில் ஆற விடுங்கள். வாணலியில் நல்லெண்ணெய் ஊற்றி, கடுகு, உளுந்து, கடலைப்பருப்பு, கீறிய பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம், மஞ்சள்தூள் தாளித்துக்கொள்ளுங்கள். ஒரு கை நிறைய வேர்க்கடலையை வறுத்துச் சேருங்கள். அதோடு, பலர் சேர்க்காத ஒன்று: ஆய்ந்த முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி. கீரை வதங்கியதும் இறக்கி, சாதத்தில் கொட்டிக் கிளறி, கடைசியாக மூன்று நான்கு பழத்தின் சாறும் உப்பும் சேருங்கள். வெறும் எலுமிச்சைச் சாதத்தில் இரும்பு அதிகம் இல்லை. கீரையும் கடலையும் சேர்ந்தால்தான் எலுமிச்சைக்கு வேலை.

எவ்வளவு பிழிவது? நடுத்தரமான பழம் ஒன்றில் மூன்று நான்கு தேக்கரண்டி சாறு வரும். அதில் ஏறக்குறைய 10 மில்லிகிராம் 'சி' வைட்டமின் இருக்கும். ஒரு பெண்ணுக்கு நாள் ஒன்றுக்கு 65 மில்லிகிராமும், ஆணுக்கு 80-ம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் கணக்கிட்டது. ஆகவே ஒரு பழத்தால் எல்லாம் முடிந்துவிடாது. உள்ளதைச் சொன்னால், இந்தச் சத்தில் கொய்யாவின் பக்கத்தில் எலுமிச்சை நிற்கக்கூட முடியாது. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராம் அளவுக்கு உண்டு. நெல்லிக்காயிலும் மிக அதிகம். கொல்லையில் கொய்யா மரம் இருந்தால் சாப்பாட்டோடு ஒரு பழம் தின்பதே முதல் தரம். ஆனால் கொய்யாவைக் குழம்பில் பிழிய முடியாதே. எல்லாப் பண்டத்தோடும் சேர்வது, அநேகமாக வருஷம் முழுவதும் கிடைப்பது என்று எலுமிச்சைக்கு இரண்டு சிறப்புகள். கோடையில் மட்டும் விலை ஏறிவிடும். 2022 ஏப்ரலில் ஒரு பழம் பத்து ரூபாய்க்கு மேல் விற்றது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாளில் பச்சைக் கொத்துமல்லித் துவையல், தக்காளி, மாங்காய்ப் பச்சடி எதுவானாலும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஊறுகாயைப் பற்றி ஒரு வார்த்தை. வெயிலில் காய வைத்து, மாதக்கணக்கில் ஊறிய எலுமிச்சை ஊறுகாயில் ருசி இருக்கிறது, 'சி' வைட்டமின் பெரும்பாலும் இல்லை. உப்பு ஏராளம். இரத்தக் கொதிப்பு உள்ளவர்களும், கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தம் ஏறியவர்களும் தொட்டு நக்குவதோடு நிறுத்திக்கொள்வது நலம்.

மாத்திரையை எதோடு விழுங்குவது?

கர்ப்பிணிப் பரிசோதனை நாளில் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்:

"ஏம்மா, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடறியா?"

"சாப்பிட்டேங்க நர்சம்மா. நாலு நாள் சாப்பிட்டேன். குமட்டலா வந்துச்சு. வெளிக்குப் போனா கருப்பாப் போவுது. எங்க அத்தை பயந்துட்டாங்க, போதும் நிறுத்துன்னுட்டாங்க."

"கருப்பாப் போறது மாத்திரையில இருக்கற இரும்பும்மா. அதுக்குப் பயப்பட வேண்டாம். எதோட முழுங்கினே?"

"காலையில வெறும் வயித்துல, டீயோடதாங்க."

"அங்கதான் தப்பு. ராத்திரி சாப்பிட்டு முடிச்சு, எலுமிச்சம்பழத் தண்ணியோட முழுங்கிட்டுப் படுத்துடு. குமட்டல் தெரியாது. டீ வேண்டவே வேண்டாம், அது இரும்பைப் பிடிச்சுக்கும்."

"எலுமிச்சை குளுமையாச்சுங்களே, வயித்துப் புள்ளைக்குச் சளி பிடிக்காதா?"

"வயித்துல இருக்கற புள்ளைக்கு எப்படிம்மா சளி பிடிக்கும்? தைரியமாக் குடி."

நர்சம்மா சொன்னதை இன்னும் கொஞ்சம் விரிப்போம். நாலாம் மாதம் தொடங்கியதிலிருந்து தினம் ஒரு மாத்திரை வீதம் 180 நாளும், பிள்ளை பெற்ற பிறகு மறுபடியும் 180 நாளும் சாப்பிட வேண்டும். ஒவ்வொரு மாத்திரையிலும் 60 மில்லிகிராம் இரும்பும், போலிக் அமிலமும் இருக்கின்றன. டீயோ காபியோ குடிப்பதானால் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இதோடு சேர்த்து விழுங்கக் கூடாது. ஒன்றைக் காலையில், ஒன்றை இரவில் வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிக்கு இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்த சோகை. 7 கிராமுக்கும் கீழே போனால் எலுமிச்சையும் கீரையும் பேசும் நேரம் அல்ல அது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கணவன்மார்களுக்குத் தனியாக ஒரு சொல். ஒரு நாளைக்கு ஆணுக்கு 19 மில்லிகிராம் இரும்பு போதும் என்றால், மாதவிலக்கு ஆகும் பெண்ணுக்கு 29 வேண்டும். அதிகம் வேண்டியவர் கடைசியில் சாப்பிடுகிறார். நீங்களும் பிள்ளைகளும் எழுந்த பிறகு சட்டியின் அடியில் மிஞ்சிய கீரை அவருக்கு. பிழிந்து போட்ட எலுமிச்சை மூடி அவருக்கு. இதை மாற்ற அரசாங்க உத்தரவு வர வேண்டியதில்லை. "நீயும் உக்காரு, சேர்ந்து சாப்பிடலாம்" என்று சொல்லி, ஒரு பழத்தை நறுக்கி அவர் தட்டில் நீங்களே பிழிந்தால் போதும். மாத்திரை அட்டையில் எத்தனை மிச்சம் என்று வாரம் ஒருமுறை எண்ணிப் பார்ப்பதும் உங்கள் வேலையாக இருக்கட்டும்.

பிள்ளை பெற்ற வீட்டில் இன்னொரு சங்கடம் உண்டு. பத்தியம் என்று சொல்லிக் கீரை கூடாது, எலுமிச்சை கூடாது, பழம் கூடாது என்று நாற்பது நாள் வெறும் பூண்டுக் குழம்பும் சோறுமாக ஓட்டுகிறார்கள். உதிரம் போய் உடம்பு வற்றியிருக்கும் நேரம் அது. பூண்டும் மிளகும் இருக்கட்டும், கருவாடும் இருக்கட்டும். அவற்றோடு கீரையும் எலுமிச்சையும் சேரட்டும். தாய் எலுமிச்சை சாப்பிட்டால் பாலில் சளி இறங்காது. மாமியார்மார்கள் சொன்னால்தான் மருமகள்கள் கேட்பார்கள் என்பதால், இந்தப் பகுதியை அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

வயிற்றுப்போக்கும் எலுமிச்சைத் தண்ணீரும்

பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் கறுப்புத் தேநீரில் எலுமிச்சை பிழிந்து கொடுத்துவிட்டுக் காத்திருப்பது நம் வழக்கம். எலுமிச்சை போக்கை நிறுத்தாது. பிள்ளைகள் செத்துப்போவது உடம்பில் உள்ள நீரும் உப்பும் வற்றிப்போவதால். அதை ஈடு செய்ய வேண்டும். 1971-இல் வங்காள தேசப் போரின்போது, மேற்கு வங்கத்தில் பொன்காவ் என்ற ஊர் அகதி முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்குக் குளுக்கோஸ் பாட்டில்கள் தீர்ந்துபோயின. அங்கிருந்த டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை டிரம்களில் கலக்கி, உறவினர்களையே வாயால் புகட்டச் சொன்னார். சாவு பெருமளவு குறைந்தது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் உப்பு சர்க்கரைப் பொட்டலம் அந்த வழியில் வந்ததுதான்.

பொட்டலத்தை அதில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் கலக்குங்கள். அதில் வேறு எதையும், எலுமிச்சையைக்கூட, சேர்க்க வேண்டாம். பொட்டலம் கைக்கு வரும்வரை காத்திருக்காமல், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும், தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுங்கள். இந்த வீட்டுக் கரைசலில் ருசிக்குச் சில துளி எலுமிச்சை விடலாம். உப்பு கூடிவிடக் கூடாது. நீங்கள் வாயில் வைத்துப் பார்த்தால் கண்ணீரைவிட அதிகமாகக் கரிக்கக் கூடாது. ஆறு மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு எலுமிச்சைத் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்தாமல், பொட்டலக் கரைசலையும் துத்தநாக மருந்தையும் நர்சம்மாவைக் கேட்டுக் கொடுங்கள். கண் குழி விழுந்தாலோ, குடிக்க முடியாமல் துவண்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ தாமதிக்கவே கூடாது.

எலுமிச்சை செய்யாத வேலைகள்

சொல்லக் கூச்சமான விஷயம், ஆனாலும் சொல்லியாக வேண்டும். கணவன் மனைவி சேர்க்கைக்கு முன்னாலோ பின்னாலோ எலுமிச்சைச் சாற்றை உள்ளே வைத்தால், அல்லது அதைக் கொண்டு கழுவினால், கரு தங்காது என்று ஒரு பேச்சு பல நாடுகளிலும் உண்டு. அப்படிச் செய்து கருத்தரிப்பைத் தடுக்க முடியாது. மென்மையான உள்தோல் வெந்து புண்ணாகும், புண் வழியே நோய்க்கிருமி ஏறும். நாள் தள்ளிப்போனால் எலுமிச்சைச் சாறு குடித்துக் கலைக்கலாம் என்பதும் பொய். அடுத்த குழந்தை இப்போது வேண்டாம் என்று இருவரும் நினைத்தால், அதற்கு நிரோத் இருக்கிறது, மாலா-என் மாத்திரை இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது, காப்பர்-டி இருக்கிறது. போதும் என்று முடிவு செய்தவர்களுக்கு ஆண் கருத்தடை எளிது. தழும்பும் பெரிதாக இராது, மறுநாளே நடமாடலாம். எல்லாம் அரசு மருத்துவமனையில் இலவசம். இதைக் கேட்க மனைவியை மட்டும் அனுப்பாமல் இருவருமாக வாருங்கள்.

கண் சிவந்தால் எலுமிச்சை பிழியும் வழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. கருவிழி வெந்து பார்வையே போகலாம். நாய் கடித்த இடத்தில் எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் வைத்துக் கட்டுவது அதைவிட மோசம். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும். வெறிநாய்க்கடி நோய் வந்த பிறகு வைத்தியம் கிடையாது.

முகம் சிவக்கும் என்று சாற்றைத் தேய்த்துக்கொண்டு வயலுக்குப் போகாதீர்கள். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் கிளம்பி, கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். திருவிழாவில் நாள் முழுக்க வெயிலில் பழம் பிழிகிறவர்கள் கையைக் கழுவிக்கொள்வதும் இதற்காகத்தான். வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் கலந்து குடித்தால் தொந்தி கரையும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. தேனை ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு நாக்கில் தடவக்கூடக் கூடாது என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறோம். சிறுநீரகக் கல் விஷயத்தில் மட்டும் எலுமிச்சைக்குக் கொஞ்சம் பெருமை உண்டு: ஒருமுறை கல் வந்தவர்கள் நிறையத் தண்ணீரோடு எலுமிச்சையும் சேர்த்துக்கொண்டால், மறுபடி கல் கட்டுவது ஓரளவு குறையலாம். கட்டிய கல்லை அது கரைக்காது.

எலுமிச்சையைக் கடித்துச் சப்புவது பல்லின் மேல்பூச்சை அரிக்கும். குடித்தபின் வெறும் தண்ணீரால் வாய் கொப்பளித்தால் போதும். உடனே பல் துலக்கினால் அரித்த பூச்சு இன்னும் தேயும். அரை மணி கழித்துத் துலக்குங்கள். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் அளவாகச் சாப்பிடட்டும்.

கொல்லையில் ஒரு மரம்

புளியங்குடிப் பக்கத்து விவசாயிகளுக்கு எலுமிச்சை வளர்ப்பை யாரும் சொல்லித் தர வேண்டாம். மற்ற ஊர்க்காரர்களுக்குச் சொல்கிறோம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான பி.கே.எம்.1 என்ற வகை நம் மண்ணுக்கு ஏற்றது. நல்ல கன்றாக வாங்கி, வெயில் விழும் இடத்தில், சுவரிலிருந்து பத்தடி தள்ளி நடுங்கள். மூன்று நான்கு வருஷத்தில் காய்க்கத் தொடங்கும். குளிக்கும் தண்ணீரை அதற்கு விடலாம். ஆனால் தேங்கி நின்றால் வேர் அழுகிவிடும், ஆகவே ஓடிப்போகும்படி வாய்க்கால் வெட்டி விடுங்கள். தூரில் மண்ணைக் குவிக்காதீர்கள். இலையிலும் காயிலும் சொறி போலத் தடித்த புள்ளி வந்தால், அந்தக் கிளையை வெட்டி எரித்துவிட்டு வேளாண்மை அலுவலரைப் பாருங்கள். பழம் மஞ்சளாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, பச்சை மங்கித் தோல் மெல்லியதானாலே சாறு நிறைந்திருக்கும். பறித்ததை ஈர மணலில் புதைத்து வைத்தால் இரண்டு வாரமாவது வாடாமல் இருக்கும்.